மலையேறிப் போன தீபாவளி

அன்புள்ள மைனா,

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். சினிமாப் படத்துக்கெல்லாம் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது கொடுத்தது மனுசனா, படமா என்று பார்க்க முடியுமா? உனக்கு நான் நிறையவே கடன்பட்டிருக்கிறேன். ஒரு சண்டையும் பாக்கியிருக்கிறது. இரண்டையும் இந்த மடலிலேயே முடித்துக்கொள்கிறேன்.

மைனா, நீ வந்தது 2010 நவம்பர் 5, தீபாவளி அன்று. தனுஷின் 'உத்தமபுத்திரன்' வந்த அதே நாள். உன்னிடம் ஊரறிந்த முகம் என்று ஒன்றும் இல்லை. நாயகன் விதார்த் யாரென்று எங்களுக்குத் தெரியாது, நாயகி அமலா பாலையும் தெரியாது. இயக்குநர் பிரபு சாலமன் 'கொக்கி', 'லாடம்' எடுத்தவர் என்பது சினிமாப் பைத்தியங்களுக்கு மட்டும் தெரியும். ஆனால் படம் பிடித்தது குரங்கணியில் என்ற செய்தி போடியில் கிளம்பி, தேனி வழியாகக் கம்பம் வரைக்கும் பரவியிருந்தது. நம்ம மலை படத்தில் வருகிறதாம் என்று, பலகாரம் சுட்ட எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தியேட்டருக்குக் கிளம்பினார்கள். என் அம்மாவும் கிளம்பினாள். அவள் தியேட்டர் படியேறிப் பல வருசம் ஆகியிருந்தது.

மைனா, உன் கதையிலும் மறுநாள் தீபாவளி. பெரியகுளம் கிளைச்சிறையில் இருக்கிறான் சுருளி. அவனுக்குக் கட்டிக்கொடுப்பதாகச் சொன்ன பெண் மைனாவை வேறு இடத்தில் கொடுக்க அவளுடைய அம்மா முடிவெடுத்தபோது ஆத்திரத்தில் அடித்து, உள்ளே போனவன். விடுதலை நெருங்கும்போது தப்பி ஓடுகிறான். ஜெயிலர் பாஸ்கருக்கோ அது தலை தீபாவளி. மாமனார் வீட்டில் புது வேட்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டியவர், வார்டன் ராமையாவைக் கூட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறார். ஒருவன் ஓட, இருவர் துரத்த, பிடித்த பிறகு மைனாவையும் சேர்த்து நால்வராகத் திரும்ப நடக்கிறார்கள். உன் கதை மொத்தமும் அவ்வளவுதான். பயணப்படம் என்ற சொல்லை அன்றைக்கு நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

மைனா, முதலில் அந்தப் பெயருக்காக நன்றி சொல்லிவிடுகிறேன். சுருளி என்பது எங்கள் பள்ளத்தாக்கின் பெயர். அருவி சுருளி, கோயில் சுருளி வேலப்பர். தெருவுக்கு ஒரு சுருளி, சுருளிவேல், சுருளியம்மாள் இருப்பார்கள். சினிமாவில் அந்தப் பெயர் கேட்டால் பெரியகுளத்துக்காரர் சுருளிராஜன்தான் நினைவுக்கு வருவார், உடனே சிரிப்பு வரும். வெளியூருக்குப் படிக்கப் போன எங்கள் பையன்கள் பலர் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே பெயரைச் சுருக்கி 'வேல்' ஆகிவிடுவார்கள். நீ அந்தப் பெயரைக் காதலிக்கிறவனுக்கு வைத்தாய். பத்து வருடத்துக்கு மேல் கழித்து 'ஜகமே தந்திரம்' படத்தில் தனுஷே சுருளி என்று லண்டனுக்குப் போனார். அதெல்லாம் பிறகு. வழி திறந்தவள் நீ.

மைனா, என் அம்மா ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள். விடியுமுன் கம்பத்திலிருந்து கிளம்பும் ஜீப்புகளை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது, ஒருத்தி மடியில் இன்னொருத்தி. எல்லார் கையிலும் தூக்குவாளி, தோளில் மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் கொங்காணி. கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் சாயும்போது எல்லாரும் ஒரு பக்கம் சாய்வார்கள். மெட்டைத் தாண்டினால் கேரளம், அதற்கப்புறம் வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டங்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார்கள். வருடம் முழுக்க, தினமும் மாநில எல்லையைத் தாண்டிய பெண்களை யாரும் பயணிகள் என்று சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

ஏலச்செடியில் காய் பிடிப்பது அடியில். தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படரும் சரத்தில்தான் பூவும் காயும். அதனால் எடுக்கிறவள் குத்தவைத்து, குனிந்த தலை நிமிராமல், செடி செடியாக நகர்ந்துகொண்டே போக வேண்டும். தலைக்கு மேலே மரநிழல், கண்ணுக்கு முன்னால் ஈரமண், காலில் அட்டை. அப்படியேதான் அம்மாவின் மலை இருந்திருக்கிறது. இது எனக்குப் புரிந்ததே உன்னால்தான். ஒளிப்பதிவாளர் சுகுமாரின் கேமரா முதன்முறை மேலே எழும்பி, மேகம் மிதக்கிற மலை மடிப்புகளைக் காட்டியபோது, இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டாள்: "இம்புட்டு அழகாவாடி இருக்கு?"

அவள் வாழ்நாளில் பாதியைக் கழித்த மலைதான். நிமிர்ந்து பார்க்க அவளுக்கு ஒரு டிக்கெட் தேவைப்பட்டது.

அதற்காக உன்னை அவள் சும்மா விட்டுவிடவும் இல்லை, மைனா. அமலா பால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரக்காட்டில் நடந்து வர, "அந்தப் புள்ள காலுல ஒரு அட்டகூட ஏறலையேடி" என்றாள். முன்வரிசையில் நாலு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், அவர்களும் காய் எடுக்கப் போகிறவர்கள்தான். துணியில் புகையிலையையும் சுண்ணாம்பையும் முடிந்து காலில் தேய்த்துக்கொண்டு போகிற கூட்டம் அது. உன்னுடைய ஒப்பனையில் அவர்கள் கண்டுபிடித்த குறைகளை எந்த விமர்சகரும் எழுதவில்லை.

மைனா, நான் உனக்குப் பட்ட பெரிய கடன் பாஸ்கர். சேது என்ற நடிகர் அந்த முகத்தை எப்படி வைத்துக்கொண்டார் என்று இன்றும் வியப்பு. கொன்றுவிடுகிற வெறியோடு மலை ஏறுகிறவர், கொஞ்சங் கொஞ்சமாக வெறியை எங்கோ வழியில் தவறவிட்டுவிடுகிறார். பஸ் விபத்துக்குள்ளாகிறது. தப்பித்து ஓடுவதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் சுருளிக்குக் கிடைக்காது. அவன் ஓடாமல், துரத்தி வந்தவர்களைக் காப்பாற்றுகிறான். அதற்குப் பிறகு பாஸ்கர் பார்க்கிற பார்வையே வேறு. காதலர்கள் இருவரும் கடைசிவரை முதலில் இருந்த மாதிரியேதான் இருக்கிறார்கள், கவனித்தாயா? சுருளிக்கு அவள் வேண்டும், அவளுக்குச் சுருளி வேண்டும். அதில் மாற்றமில்லை. ஓடியவனை மலை மாற்றவில்லை, கூட நடந்தவரைத்தான் மாற்றியது. படத்துக்கு அவள் பெயர், துயரம் சுருளியுடையது, பயணம் மட்டும் பாஸ்கருடையது.

இதை நான் உடனே கண்டுபிடித்ததாகச் சொன்னால் பொய். பிறகு பல பயணப்படங்களைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நீ வந்த அடுத்த வருடம் இந்தியில் 'ஜிந்தகி நா மிலேகி தொபாரா' வந்தது. மூன்று நண்பர்கள் ஸ்பெயினில் கார் ஓட்டி, கடலில் குதித்து, வானத்திலிருந்து குதித்து, கடைசியில் காளைகளுக்கு முன்னால் ஓடித் தங்களைக் கண்டுபிடிப்பார்கள். நல்ல படம்தான். 2004-இல் வந்த 'மோட்டார்சைக்கிள் டைரீஸ்' அதைவிட நல்ல படம். 1952-இல் எர்னஸ்டோ குவேராவும் ஆல்பர்டோ கிரனாடோவும் பழைய நார்ட்டன் வண்டியில் தென் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பி, ஊர் பார்க்கப் போனவர்கள் மனுசர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதை. அவற்றிலெல்லாம் பயணம் தொடங்குவதற்கு லீவு வேண்டும், காசு வேண்டும், குறைந்தபட்சம் ஒரு வண்டியாவது வேண்டும். உன்னில் பயணம் தொடங்குவதற்கு ஒருவன் சிறையிலிருந்து ஓட வேண்டியிருந்தது, இன்னொருவர் தீபாவளியை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து இளமைக்கு அதுதான் பொருத்தம். இங்கே யாரும் தன்னைத் தேடிக் கிளம்புவதில்லை, யாரையாவது தேடிப் போன இடத்தில்தான் தன்னைக் காண்கிறார்கள்.

மைனா, வார்டனாக வந்த தம்பி ராமையாவுக்காகத் தனியாக ஒரு நன்றி. அவருடைய செல்போன் அடிக்கும்போதெல்லாம் தியேட்டர் அதிர்ந்தது. அந்த வருடத்துக்கான சிறந்த துணை நடிகர் தேசிய விருதை அவருக்குக் கொடுத்தபோது எங்கள் பக்கத்தில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அப்படி ஒரு ஏட்டையா, ஒரு வார்டன் மாமா, எல்லா ஊரிலும் இருக்கிறார். மேலே இருப்பவருக்குப் பயந்து, கீழே இருப்பவன்மேல் இரக்கப்பட்டு, நடுவில் வீட்டம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பணி ஓய்வு பெற்றுவிடுகிறவர். இசையமைப்பாளர் இமானின் பாட்டுகளை விடவும் அந்த மனிதரின் மூச்சிரைப்புதான் எனக்கு அந்த மலையின் ஓசையாக இருக்கிறது. இமான் மன்னிக்க வேண்டும்.

மைனா, நீ வந்துபோய் ஓராண்டு கழிந்ததும் சாலை மூடிக்கொண்டது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினையில் கேரள எல்லை அடைபட்டு, கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரமாயிரமாகக் குமுளியை நோக்கி நடந்தார்கள். ஜீப்புகள் நின்றன. அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் காய் பழுத்து உதிர்ந்துகொண்டிருக்கும் என்ற கவலை அவளுக்கு. தோட்டம் அவளுடையதில்லை, அணையைப் பற்றிய கோபமோ அவளுக்கும் இருந்தது. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருந்தாள். உன் பாஸ்கரைப் போல என்று அப்போது தோன்றியது.

மைனா, நான் முதல்முறையாக ஏறிய மலை நீ காட்டிய மலைதான். கல்லூரித் தோழிகளோடு குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வீட்டில் அனுமதி கேட்டபோது அப்பா, "பொம்பளப் புள்ளைகளுக்கு மலையில என்ன வேலை?" என்றார். அம்மா வாயே திறக்காமல் தூக்குவாளியைத் தூக்கிக் காட்டினாள். பேச்சு முடிந்துவிட்டது. வழியில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு ஊர் இருக்கிறது. தண்டவாளமும் கிடையாது, ரயிலும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறுத் தேயிலை சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிக்குப் போயிருக்கிறது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்துபோனது. பெயர்கள் மட்டும் மலையில் தங்கிவிட்டன. அதைச் சொல்லிவிட்டு எங்களோடு வந்த உள்ளூர்ப் பெரியவர், "மைனா சூட்டிங் பாத்தீங்கள்ல, அது இந்தா இங்கனதான்" என்று ஒரு பாறையைக் காட்டினார். கொஞ்சத் தூரம் போனதும் இன்னொரு பாறையைக் காட்டி அதையே சொன்னார். நாங்கள் இரண்டு பாறையிலும் ஏறி நின்று பார்த்தோம்.

உச்சியில் நிற்கும்போது எனக்கு விடுதலை, இளமை என்று பெரிய எண்ணம் எதுவும் வரவில்லை. கால் வலித்தது, பசித்தது. கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். நாங்கள் போன இடத்தை நாங்களே தீர்மானித்திருந்தோம், திரும்பும் நேரத்தையும் நாங்களே தீர்மானித்தோம். கூட்டத்தில் யாருக்கும் அதற்குமுன் அது வாய்த்ததில்லை. அந்த ஒரு பகலை நீ கொடுத்தாய் என்றே கணக்கு வைத்திருக்கிறேன்.

இனி சண்டை.

மைனா, உன் முடிவை நான் மன்னிக்கவில்லை. மலை அவர்களை ஒன்றும் செய்யவில்லை. காடு, குளிர், பஸ் விபத்து எல்லாவற்றையும் தாண்டி நால்வரும் உயிரோடு இறங்குகிறார்கள். சமவெளிக்கு வந்து, ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் அடைக்கலமாக நுழைந்த பிறகுதான் அந்தப் பெண் கொல்லப்படுகிறாள். தலை தீபாவளி கெட்ட கோபம் பாஸ்கரின் மனைவிக்கு, கௌரவம் கெட்ட கோபம் அவளுடைய அண்ணன்களுக்கு. சுருளியின் உயிரும் போகிறது. பாஸ்கர் கொலைகாரனாகிறார். வழியெல்லாம் சேர்த்துவைத்த மனிதத்தை ஒரே இரவில் ரத்தத்தில் கொட்டிவிட்டாய்.

வீடுதான் ஆபத்து, வெளி அல்ல என்று நீ சொல்ல வந்திருந்தால், ஒப்புக்கொள்கிறேன். அது உண்மை. பெண்ணாகப் பிறந்த எவளுக்கும் அதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மனைவியை ஏன் அப்படி வார்த்தாய்? கல்யாணமான முதல் தீபாவளிக்குப் புருசன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள், அவ்வளவுதானே. அவளுக்குள்ளும் ஒரு பயணம் இருந்திருக்கலாம். அவளை மலைக்கு நீ கூட்டிப் போகவில்லை. போகாதவள் மாறவும் இல்லை. ஒரு பெண்ணை மற்றவர்களின் கோபத்துக்குப் பலியாகவும், இன்னொரு பெண்ணைக் கோபமாகவும் மட்டும் வைத்துவிட்டு, மாறுகிற வரத்தை ஆணுக்குக் கொடுத்தாய். 1991-இல் வந்த 'தெல்மா அண்ட் லூயிஸ்' படத்திலும் வீட்டைவிட்டுக் காரில் கிளம்பிய இரண்டு பெண்கள் கடைசியில் பள்ளத்தாக்குக்குள் காரை விடுகிறார்கள். ஆனால் ஓட்டுகிறவர்கள் அவர்கள், முடிவும் அவர்களுடையது. உன் மைனாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அம்மா தியேட்டரைவிட்டு வெளியே வந்ததும், "கடசி அரைமணி நேரம் வராம இருந்திருக்கலாம்" என்றாள். இப்போதும் டிவியில் நீ வந்தால், அவர்கள் மலையிலிருந்து இறங்குகிற இடத்தில் அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.

மைனா, மலை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிட்டேன். அது உனக்குள் மட்டும். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைக்கு நடைப்பயணம் போய்விட்டு குரங்கணிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பலரும் இளம் பெண்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. குரங்கணி, போடி ஆட்கள் டோலி கட்டி, தோளில் சுமந்து இருட்டில் இறக்கினார்கள். அந்த வாரம் முழுக்க எங்கள் டீக்கடைகளில், "இந்தப் புள்ளைகளுக்கு வீட்ல இருக்க என்ன கேடு?" என்ற பேச்சு ஓடியது. எனக்கு உன் கடைசி அரைமணி நேரம்தான் திரும்பத் திரும்ப வந்தது. வீட்டில் இருந்தவளைத்தானே நீ கொன்றாய் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை, அது சினிமா பேசுகிற நேரமில்லை. புல் காய்ந்து கிடக்கிற மாசி, பங்குனியில் மலைக்கு வழி தெரியாமல் ஏறியது தவறு. ஏறியதே தவறு என்று ஒருநாளும் நான் ஒப்பமாட்டேன்.

மைனா, அதே 2018 ஆகஸ்டில் உனக்கு ஒரு தம்பி பிறந்தான். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை'. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, எங்கள் பண்ணைப்புரத்து இளையராஜா இசை, விஜய் சேதுபதி தயாரிப்பு. ரங்கசாமி சுமையோடு மலையேறுவதைப் பின்னாலேயே நடந்து பார்த்துக்கொண்டிருக்கும் படம். அட்டை, மூட்டை, இளைப்பு எல்லாம் அதில் இருந்தது. அம்மா இம்முறை ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் ஊர் உன்னையும் அவனையும் ஒப்பிட்டு, அவன்தான் நிஜம், நீ வெறும் அழகு என்று பேசும்போது எனக்குப் பொறுக்காது. குனிந்தே இருந்தவர்களை முதலில் நிமிர வைத்தவள் நீ. நிமிர்ந்த பிறகுதானே அவனை நேருக்கு நேர் பார்க்க முடிந்தது.

மைனா, கடைசியாக உனக்கு ஒரு செய்தி. 2010-இல் உன்னை வெளியிட்ட ரெட் ஜெயண்ட் உதயநிதி ஸ்டாலின்தான், 2024 அக்டோபரில் துணை முதலமைச்சராக இருந்து 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். வனத்துறை நாற்பது மலைப்பாதைகளைத் திறந்தது, குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் ஒன்று. தற்செயல்தான். இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மைனாவைப் பார்த்துவிட்டுக் குரங்கணிக்குக் கிளம்புகிறவர்கள் வனத்துறையில் முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் ஏறுங்கள். தீக்காலத்தில் வேண்டாம், ஐப்பசி மழை விட்ட பிறகு வாருங்கள். மகள்களையும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து, ஏலத்தோட்டத்துக்காரி மகள்